நன்றிப் பூசை

“இன்னுங் கொஞ்சம் மேல தூக்குப்பா! மாதாவோட கால் சாக்கடையில படுது பாரு!”

வாசலில் நின்று டோமினிக் போட்ட சத்தம் உள்ளறை வரை கேட்டது. சகாயம்மாள் நனைத்த பஞ்சால் மகனின் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கையை எடுக்காமலே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். ஃப்ளெக்ஸ் கட்ட வந்தவர்களில் ஒருவன் மின்கம்பத்திலும் இன்னொருவன் எதிர்வீட்டுச் சுவரிலும் தொற்றிக்கொண்டிருக்க, நடுவே பேனர் பந்தியில் மூன்று முறை கேட்டு வாங்கித் தின்றவனின் வயிறுபோல் உப்பியது.

இடது மூலையில் வேளாங்கண்ணி மாதா. வலது மூலையில் பிரவீன்ராஜ், நோய் வருவதற்கு முன் யாருடைய கல்யாணத்திலோ எடுத்த படம். இருவருக்கும் நடுவில், மாதாவைவிட ஒரு சாண் உயரமாக, கோட்டு போட்டுக் கைகூப்பிய டோமினிக். கீழே கொட்டை எழுத்தில்: ‘மரணத்தின் பிடியிலிருந்து எங்கள் மகனை மீட்டுத் தந்த இறைவனுக்கு நன்றித் திருப்பலி. நாளை காலை. அனைவரும் வருக. அசைவ விருந்து உண்டு.’

மீட்கப்பட்டவன் கண்ணைத் திறந்தான்.

“என்னம்மா சத்தம்?”

“ஃப்ளெக்ஸ் கட்டுறாங்கடா. நாளைக்கு நன்றிப் பூசையில்ல.”

பிரவீன்ராஜ் கொஞ்சம் சிரித்தான். சிரிப்பதற்குக்கூட மூச்சைச் சேர்த்து வைக்க வேண்டியிருந்தது. “நானும் வரணுமா, இல்ல போட்டோ போதுமா?”

புத்தூரில் அவனுக்கு வைத்தியம் பார்த்த பெரிய டாக்டர் நல்ல மனிதர். போன வாரம் டோமினிக்கைத் தனியே அழைத்து, “இனிமே எங்க கையில ஒண்ணும் இல்லைங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி நல்லா வெச்சுக்குங்க” என்றார். வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டிருப்பார்கள். டோமினிக் ஆஸ்பத்திரி வராந்தாவில் முழந்தாளிட்டார். “டாக்டருங்க கையில இல்லைன்னா, அப்ப யாரு கையில இருக்குன்னு அர்த்தம்?” என்று சகாயம்மாளைக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவில் மைக்கைப் பிடித்து, மகன் டிஸ்சார்ஜ் ஆகிவிட்டதாகச் சாட்சி சொன்னார். கோயில் மொத்தமும் கைதட்டியது. டிஸ்சார்ஜ் என்றால் குணம் என்று ஊர் எடுத்துக்கொண்டது. ஊர் எடுத்துக்கொண்டதை டோமினிக்கும் எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து வீட்டில் சில சொற்களுக்குத் தடை. வலி என்று சொல்லக் கூடாது. ‘எப்படி இருக்கான்’ என்று இழுத்துக் கேட்கக் கூடாது. பார்க்க வருகிறவர்களை டோமினிக் கேட்டிலேயே நிறுத்தி, “அவிசுவாசமா ஒரு வார்த்தை வரக் கூடாது” என்று எச்சரித்துத்தான் உள்ளே விட்டார். வந்தவர்கள் கட்டிலருகே நின்று வெயிலைப் பற்றியும் காவிரிப் பாலத்து நெரிசலைப் பற்றியும் பேசினார்கள். திரும்பிப் போய்ச் செருப்பு மாட்டும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

டோமினிக் பொன்மலை ரயில்வே பணிமனையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். பங்குக் கோயில் மன்றத்தில் மாதாமாதம் ‘பெற்றோர் பாசறை’ நடத்துவார். தலைப்பு எப்போதும் ஒன்றுதான்: எதிர்பார்ப்பை விடுங்கள், இறைவனை நம்புங்கள். “பிள்ளைங்க நம்ம சொத்து இல்ல. ஆண்டவர் நம்மகிட்ட குடுத்து வெச்சது. அவர் கேக்குறப்ப இப்படிக் கையை விரிச்சிரணும்” என்று இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டுவார். முன்வரிசை அம்மாக்கள் அழுவார்கள். சகாயம்மாள் பின்னால் நின்று எல்லோருக்கும் டீ ஊற்றுவாள்.

மகனைக் குருவானவராக்குவதாக, அவன் பிறக்கும் முன்பே மாதாவிடம் நேர்ந்துகொண்டவர் அவர். குருமடத்திலிருந்து பையன் பெட்டியோடு திரும்பி வந்தபோது அந்த எதிர்பார்ப்பை மேடையில் விட்டார். வீட்டுக்கு வருகிற வழியில் இன்ஜினீயர் என்ற அடுத்ததை எடுத்துக்கொண்டு வந்தார். அதுவும் போனபின் சர்க்கார் வேலை. கடைசியில் பிரவீன்ராஜ் பழைய டூரிஸ்ட் வேன் ஒன்றை வாங்கி ஸ்ரீரங்கம் ஸ்டாண்டில் போட்டான். வெளியூர்ப் பக்தர்களை ரங்கநாதரிடமிருந்து திருவானைக்காவலுக்கும் அங்கிருந்து சமயபுரத்துக்கும் ஏற்றி இறக்கினான். பங்கில் யாராவது கேட்டால், “பையன் யாத்திரிகர் பணியில இருக்கான்” என்பார் டோமினிக். வேனின் பின்கண்ணாடி முழுக்கப் பள்ளிகொண்ட பெருமாள். அதனால் வீட்டுக்கு வந்தால் வண்டி ரிவர்ஸில் போய்ச் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும் என்பது அவருடைய உத்தரவு. பெருமாள் சுவரைப் பார்த்துக்கொண்டு, முன்கண்ணாடியில் ஒட்டிய மாதா தெருவைப் பார்த்துக்கொண்டு.

ட்ரிப்புக்குக் கிளம்பும்போதெல்லாம் பிரவீன்ராஜ், “போயிட்டு வரேம்மா” என்று வந்து குனிந்து நெற்றியைக் காட்டுவான். சகாயம்மாள் கட்டைவிரலால் சிலுவை போட்டுவிடுவாள். ராமேஸ்வரம் போனாலும் சரி, டீசல் போடப் போனாலும் சரி, அது இல்லாமல் வண்டியை எடுத்ததில்லை. ஒருநாள் மறந்து கிளம்பியவன், ஸ்ரீரங்கத்தில் சவாரி ஏற்றியபின் வேனைத் திருப்பிக்கொண்டு வந்து நின்றான். உள்ளே ஸ்ரீரங்கத்து மாமிகள் நிறைந்திருந்தார்கள். சிலுவை வாங்கிக்கொண்டு போகும்வரை அவர்களும் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

இப்போது அவன் தலையணையில் தலையைக் கொஞ்சம் திருப்பி நெற்றியைக் காட்டினான்.

“ஒரு சிலுவை போட்டு விடும்மா. கிளம்புறேன்.”

பஞ்சு அவள் கையிலேயே நின்றது. “எங்கடா கிளம்புற? கொழுப்பா?”

“வண்டி எப்பவோ ஸ்டார்ட் ஆயிருச்சும்மா. நீதான் கதவப் புடிச்சுக்கிட்டு நிக்கிற.”

இத்தனை நாளில் அந்த வீட்டில் பேசப்பட்ட முதல் உண்மை அது. சகாயம்மாள் அதைக் கண்டிக்கவில்லை. அவனுடைய தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். சோத்து மூட்டையும் தண்ணீர் பாட்டிலும் இல்லாமல் அவனை அவள் எந்த ட்ரிப்புக்கும் அனுப்பியதில்லை.

“சாமியாரு வரட்டும்டா. எண்ணெய் பூசட்டும். அப்புறம் நான் போடுறேன்.”

“அப்பா விடுவாரா?”

“ஏன் விட மாட்டாரு? எல்லாத்தையும் ஆண்டவர்கிட்ட ஒப்படைச்சிட்டேங்கிறாரே.”

“ஒப்படைச்சிட்டாரும்மா” என்றான் பிரவீன்ராஜ். “ஒப்படைச்சிட்டு, பக்கத்துலயே நின்னு சூப்பர்வைஸ் பண்றாரு.”

வாசலில் ஃப்ளெக்ஸ் நேராகிவிட்டிருந்தது. டோமினிக் எதிர்ச்சாரியில் நின்று தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சகாயம்மாள் தெருவைத் தாண்டி அவரிடம் போனாள்.

“என்னங்க, சாமியார வரச் சொல்லுவமா?”

“நாளைக்குத்தான் வர்றாரே.”

“இன்னிக்கு. நோயில்பூசுதல் குடுத்துரலாம். அவனே கேக்குறான்.”

டோமினிக் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். “உனக்கென்ன பைத்தியமா? நாளைக்கு நன்றிப் பூசை வெக்கிற சாமியார, இன்னிக்கு எண்ணெயோட வரச் சொன்னா தெருவுல நாலு பேரு என்ன நெனைப்பான்? ஆண்டவர்தான் என்ன நெனைப்பாரு?”

தெரு முதலிலும் ஆண்டவர் இரண்டாவதாகவும் வந்ததை சகாயம்மாள் கவனித்தாள்.

“அவனுக்கு முடியலைங்க.”

“முடியலைங்கிறதுதான் அவிசுவாசம்” என்றார் டோமினிக். பிறகு கம்பத்தில் இருந்தவனைப் பார்த்து, “அந்தக் கயித்த இழுத்துக் கட்டுப்பா, மூஞ்சி சுருங்குது” என்றார்.

மதியத்துக்குமேல் ரசூல் வந்தான். அவனும் ஸ்ரீரங்கம் ஸ்டாண்டில் வேன் ஓட்டுகிறவன். பிரவீன்ராஜ் படுத்ததிலிருந்து அவனுடைய சவாரிகளையும் சேர்த்து ஓட்டுகிறவன். காந்தி மார்க்கெட்டில் வாங்கிய சாத்துக்குடிப் பையைக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு, வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தான்.

சகாயம்மாள் அவனை அடுப்படிக்குக் கூட்டிப் போனாள். “ரசூலு, நம்ம கோயில் சாமியாரத் தெரியுமில்ல? கையோட கூட்டிக்கிட்டு வா. எண்ணெய் எடுத்துக்கிட்டு வரச் சொல்லு.”

“என்ன எண்ணெயிம்மா?”

“சொன்னா அவருக்குப் புரியும்.”

ரசூல் அவள் முகத்தைப் பார்த்தான். “எங்கள்லயும் கடைசியில பக்கத்துல இருந்து ஓதுவாங்கம்மா” என்றவன், தடையான சொல் வந்துவிட்டதை உணர்ந்து நாக்கைக் கடித்துக்கொண்டான். பின்வாசல் வழியாகப் போய் பைக்கை உருட்டிக்கொண்டே தெருமுனை வரை சத்தமில்லாமல் போனான்.

அவன் போன கொஞ்ச நேரத்தில் ஜெசிந்தா டீச்சர் தலைமையில் செபக் குழு வந்து சேர்ந்தது. நாளைய பூசைக்கு நன்றிப் பாட்டு ஒத்திகை. குணமான சாட்சியின் முன்னிலையிலேயே பாடினால் அபிஷேகம் கூடும் என்பது டீச்சரின் யோசனை. பத்துப் பன்னிரண்டு பெண்கள் உள்ளறையை நிறைத்தார்கள். டீச்சர் கையில் சலங்கை கட்டிய தட்டு. மேல்ஸ்தாயியில் பிடித்தார். கட்டிலின் கால்கள் அதிர்ந்தன. பிரவீன்ராஜ் கண்ணை மூடிக்கொண்டான். அவன் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள் சகாயம்மாள்.

முதல் பாட்டு முடியும் தறுவாயில், ஹாலில் ரசூலின் குரலும் இன்னொரு குரலும் கேட்டன. கதவோரத்துப் பெண்களின் இடுக்கில் வெள்ளை அங்கியின் ஓரம் தெரிந்தது.

“சாமியாரு வந்துட்டாருடா” என்றாள் குனிந்து.

அவன் இமை அசைந்தது.

பிலோமின்ராஜ் சாமியார் இந்தப் பங்குக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சின்ன வயது, கூச்ச சுபாவம். அவருடைய அறைக்கு ஏசி வாங்கிப் போட்டவர் டோமினிக். பங்குப் பேரவையின் துணைத்தலைவரும் அவரே.

“வாங்க ஃபாதர், வாங்க! நானே உங்களப் பாக்க வரணும்னு இருந்தேன். உக்காருங்க.”

“இல்லைங்க சார், இந்தத் தம்பி வந்து சொன்னாரு... பிரவீனப் பாத்துட்டு...”

“தாராளமாப் பாக்கலாம். பொம்பளைங்க பாடிக்கிட்டு இருக்காங்க, முடிக்கட்டும். மொதல்ல ஒரு காபி.”

சாமியாரின் வலது கை அங்கியின் பைக்குள் இருந்தது. அது வெளியே வரவில்லை. அவர் உட்கார்ந்தார். உட்காரச் சொன்னால் உட்கார்கிறவர். பக்கத்து வீட்டிலிருந்து காபி வந்தது. பீடத்துக்கு எந்த நிறப் பூ, முன்வரிசையில் யார் யார், பிரசங்கத்துக்கு நடுவில் தான் சாட்சி சொல்ல எவ்வளவு நேரம் என்று டோமினிக் விளக்கிக்கொண்டிருந்தார். இரண்டு கைகளும் விரிந்து விரிந்து மூடுவது இங்கிருந்து தெரிந்தது.

பிரவீன்ராஜின் மூச்சு ஒரு தடவை நின்று, யோசித்து, மறுபடி வந்தது.

“டீச்சர், சாமியார உள்ள வரச் சொல்லுங்க” என்றாள் சகாயம்மாள்.

டீச்சர் தலையாட்டிவிட்டு இரண்டாம் பாட்டைத் தொடங்கினார்.

“டீச்சர்!”

டீச்சர் தட்டை ஆட்டிக்கொண்டே குனிந்தார். “பயப்படாதீங்கக்கா. விசுவாசிங்க.”

மடியில் மூச்சு மறுபடியும் யோசித்தது. இந்த முறை கூடுதல் நேரம். எண்ணெய் இல்லாவிட்டால் போகட்டும் என்று சகாயம்மாள் முடிவு செய்தாள். சோறு கட்டாமலே அனுப்பிவிடலாம். கட்டைவிரலை அவன் நெற்றிக்குக் கொண்டுபோனாள். அந்தக் கையை டீச்சர் பிடித்துக்கொண்டார். “அப்படித்தான்க்கா! கையை உசத்துங்க! உசத்தி நன்றி சொல்லுங்க!” தூக்கிய கைகளின் நடுவே அவளுடைய கையும் போய் நின்றது. அவள் இழுத்தாள். டீச்சரின் பிடி பள்ளிக்கூடத்துப் பிடி. விடுவித்துக்கொண்டு கீழே வந்தபோது, மடியில் இருந்த தலை கனமாகியிருந்தது.

பெண்கள் கடைசிச் சரணத்தில் இருந்தார்கள். உயிர் கொடுத்தவருக்கு நன்றி என்று திரும்பத் திரும்பப் பாடினார்கள். சகாயம்மாள் யாரையும் நிறுத்தவில்லை. கட்டைவிரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு, பாட்டு முடியும்வரை உட்கார்ந்திருந்தாள்.

முடிந்ததும் சொன்னாள்: “இனிமே மெதுவாவே பாடலாம் டீச்சர்.”

சாமியார் ஓடி வந்தார். சட்டென்று பையிலிருந்து எண்ணெய்க் குப்பியை எடுத்துத் திறந்தார். அவனுடைய முகத்தைப் பார்த்தார். பிறகு மூடினார். அவருக்குப் பின்னால் டோமினிக், சாமியார் பாதி குடித்து வைத்த டம்ளரைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார்.

“தூங்குறான்” என்றார்.

அந்த வீட்டில் மறுத்துப் பேசும் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

*

மறுநாள் காலைக்குப் பெரிதாக எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. நேரம் அதுதான், சாமியார் அவர்தான், வர வேண்டியவர்களுக்குச் சொல்லியும் ஆகிவிட்டது. நன்றித் திருப்பலி அடக்கத் திருப்பலி ஆனது. பிரியாணிக்காரர் இறைச்சி வெட்டியாகிவிட்டது என்று கைவிரித்தார். துக்க வீட்டில் பிரியாணி போடலாமா என்று பங்குப் பேரவை சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் நின்று விவாதித்தது. மரியாதையை முன்னிட்டு பிரெட் அல்வாவை மட்டும் நிறுத்திவிடலாம் என்று ஏகமனதாகத் தீர்மானித்தது.

ஃப்ளெக்ஸை அவிழ்த்து, பின்பக்கம் கீழே தெரியுமாறு திருப்பி, ஐஸ் பெட்டிக்கு மேலே நிழலுக்குக் கட்டினார்கள். வெயில் ஏற ஏற அந்த வெள்ளையில் டோமினிக் மங்கலாகத் தெரிந்தார், கைகூப்பியபடி, தலைகீழாக.

பந்தலுக்கு இடம் வேண்டுமென்று ரசூல் பிரவீன்ராஜின் வேனை எடுத்து வெளியே கொண்டுபோய்த் திருப்பி நிறுத்தினான். பின்கண்ணாடிப் பெருமாள் முதன்முறையாகத் தெருவைப் பார்த்தார். செபக் குழு டோமினிக்கைத் திரும்பிப் பார்த்தது. அவர் வேனைப் பார்த்தார். பந்தல்காரருக்கு வழிவிட்டு ஒதுங்கினார்.

கோயிலில் பெட்டியை மூடும் முன் எல்லோரும் வரிசையாக வந்து நெற்றியில் சிலுவை போட்டார்கள். பெரியப்பா, சித்தி, பாசறைப் பெற்றோர்கள், அவனை ஒருநாளும் பார்த்திராதவர்கள். சகாயம்மாள் தலைமாட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க போடுங்கக்கா” என்று ஜெசிந்தா டீச்சர் அவள் முழங்கையைத் தொட்டார்.

சகாயம்மாள் கையை விலக்கிக்கொண்டாள். “அது கிளம்புறதுக்கு முன்னாடி போடுறது டீச்சர்.”

பெட்டி மூடப்பட்டது. அடக்க வண்டிக்குப் பின்னால் ஸ்ரீரங்கம் ஸ்டாண்டு வேன்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் சங்கும் சக்கரமும். பெருமாளின் பரிவாரம் பங்கு எல்லைக்குள் இத்தனை பெரிதாக நுழைந்ததில்லை. பேரவைத் தலைவர் நடுவில் ஒரு மாதா கொடியைப் புகுத்திப் பார்த்தார். இடம் கிடைக்கவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் குழியைப் புனிதப்படுத்தும் மந்திரிப்பு முடிந்ததும் சாமியார் சகாயம்மாளின் பக்கத்தில் வந்து நின்றார். “அம்மா... நேத்து நான் எந்திரிச்சு உள்ள வந்திருக்கணும்.”

அவள் அவரைப் பார்த்தாள். மகனைவிடச் சின்னவராக இருப்பார்.

“காபியப் பாதியில வெச்சிட்டு எப்படிங்க சாமி எந்திரிக்கிறது” என்றாள்.

குழிக்குள் பெட்டி இறங்கியது. முதல் பிடி மண் தகப்பனுடையது. டோமினிக் குனிந்து செம்மண்ணை அள்ளினார். பேசுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். எந்த அடக்கத்திலும் இரண்டு வார்த்தை சொல்லாமல் அவர் மண் போட்டதில்லை. குழிக்கு மேலே கையை நீட்டினார். மூடிய விரல்களின் கணு வெளுத்திருந்தது. கை அப்படியே நின்றது.

“போடுங்க சார்” என்றார் சாமியார் மெல்ல.

டோமினிக் தலையாட்டினார். கையைத் திரும்ப எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய் நின்றார். அவருக்குப் பின்னால் வரிசை நீளம். அடுத்தவர் வந்து போட்டார். பிறகு மண் சரியும் சத்தம் தொடர்ந்து கேட்டது. அவர் போடவில்லை என்பதைக் கவனிக்க யாருக்கும் நேரமில்லை. பந்தி தொடங்க வேண்டும்.

சாயங்காலம் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு பிரியாணிக்காரரின் வண்டி போன பிறகு, பாசறைப் பெற்றோர்கள் சிலர் மிச்சமிருந்தார்கள். டோமினிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதுவும் சாப்பிடவில்லை. ஒருவர் அவருடைய தோளைத் தொட்டு, “நாங்க உங்களுக்குச் சொல்லணுமா சார்? நீங்கதானே எங்களுக்கே சொல்லிக் குடுத்தீங்க. கேக்குறப்ப கையை விரிச்சிரணும்னு” என்றார்.

“ஆமா” என்றார் டோமினிக்.

அவர்களும் போனார்கள். உள்ளறையில் கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். அதற்கடியில் இருந்த சாத்துக்குடிப் பை அப்படியே இருந்தது. சகாயம்மாள் அதை ஒதுக்கி வைத்துவிட்டு ஹாலுக்கு வந்தாள்.

டோமினிக்கின் வலது கை முழங்காலின்மேல் மூடியபடி இருந்தது. விரலிடுக்குகளில் செம்மண் காய்ந்து வெடித்திருந்தது. வேட்டியில் கொஞ்சம் உதிர்ந்திருந்தது. அவர் அந்தக் கையைப் பார்க்கவில்லை. எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கையைக் கழுவிக்கிட்டு வாங்க என்று சொல்ல வாயெடுத்து, அப்படியே விட்டாள்.

பக்கத்து வீட்டிலிருந்து காபி வந்திருந்தது. ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு போய், அவருடைய இடது கைப் பக்கமாக வைத்தாள்.